ஃபிரிஸ்கோவில் வீடு பார்க்கிறவர்களுக்கு: முதலில் கார் சாவியை எண்ணுங்கள்

மே மாதம் பிறந்தால், டெக்சஸில் டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் இருக்கும் என் வாட்ஸாப்புக்கு ஒரே மாதிரிக் கேள்வி வரத் தொடங்கிவிடும். முன்பு நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர்கள், அவர்களுடைய தோழிகள், தோழியின் நாத்தனார் என்று யாராவது ஒருத்தர் கேட்பார். “அக்கா, அவருக்கு டாலஸ் பக்கம் மாற்றல். ஸ்கூலுக்காக ஃபிரிஸ்கோவுல வீடு பார்க்கிறோம். நாலு பெட்ரூம் என்ன வாடகை வரும்?”

வாடகையைச் சொல்லிவிட்டு, “உனக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்பேன். “இல்லக்கா, வந்துதான் எடுக்கணும். அதுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்பார்கள்.

அந்தச் சம்பந்தத்தை ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

நாங்கள் வந்தது 2022 கோடையில். அதற்கு முன் பல வருடங்கள் ஜெர்சி சிட்டி, ஜர்னல் ஸ்கொயர் பக்கம். இரண்டு பெட்ரூம், மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, குளிர்காலத்தில் ஹீட்டர் குழாய் ராத்திரியெல்லாம் டொக் டொக்கென்று தட்டும். ஆனால் கீழே இறங்கினால் நியூவார்க் அவென்யூ. கறிவேப்பிலை, தோசை மாவு, புருவம் திருத்துகிற கடை எல்லாம் நடக்கிற தூரம். பாத் ரயில் ஏறினால் இருபது நிமிடத்தில் மன்ஹாட்டன். கணவரின் வேலை விசாவோடு ஒட்டி வரும் எச்-4 விசாவில் வீட்டில் இருந்த எனக்கு, கார் ஓட்டத் தெரியாதது ஒரு குறையாகவே பட்டதில்லை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் காய்கறி வாங்கி, பக்கத்துக் கட்டடத்துத் தோழி வீட்டில் காபி குடித்துவிட்டு வருவேன். அதை ஒரு வசதி என்று அப்போது நினைத்ததே கிடையாது.

பிறகு கணவருக்குப் பிளானோ அலுவலகத்துக்கு மாற்றல். அந்தப் பக்கம் கம்பெனிகள் போவது புதிதில்லை. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தையே 2017-இல் கலிஃபோர்னியாவிலிருந்து பிளானோவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. வேலை வந்த இடத்துக்கு ஆள் வரும், ஆள் வந்த இடத்துக்கு வீடு வரும். பிளானோவை ஒட்டி வடக்கே இருக்கும் ஃபிரிஸ்கோவில் 2010 கணக்கெடுப்பின்போது ஏறக்குறைய 1,17,000 பேர். 2020-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அதில் நம்மவர்கள் எவ்வளவு என்பது காரிய சித்தி ஹனுமான் கோயிலில் ஒரு சனிக்கிழமை காலை பார்க்கிங் தேடினால் புரியும்.

வீடு பிடிக்கிற படலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளச் சீட்டு, கிரெடிட் ஸ்கோர், பழைய வீட்டுக்காரரின் நற்சான்று எல்லாம் கேட்பார்கள். மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. விண்ணப்பக் கட்டணம் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. வீடு கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். சம்பளமே இல்லாத எனக்கும் சேர்த்துக் கட்டினோம். ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறந்துவிடுவதால் ஜூன், ஜூலையில் ஊரே வீட்டுக்கு அலையும். காலையில் ஆன்லைனில் வந்த வீடு சாயங்காலம் இருக்காது. முன்பணம் மட்டும் சென்னையை நினைத்தால் சொர்க்கம். எங்களிடம் ஒரே ஒரு மாத வாடகைதான் வாங்கினார்கள். காலி செய்த பிறகு 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரவேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். ஆனால் புது முகவரியை நீங்கள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது.

பள்ளிக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்பதால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருப்பதால் மட்டும் பிள்ளைக்கு ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி என்கிற பள்ளி மாவட்டத்தில் இடம் கிடைத்துவிடாது. ஊரின் சில பகுதிகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் பள்ளி மாவட்டங்களில் போய் விழுகின்றன. மறுபக்கம், பிளானோ முகவரி உள்ள சில வீடுகள் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டிக்குள் வருகின்றன. வீட்டு விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல், பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துவிடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது நாலு பெட்ரூம் செங்கல் வீடு, இரண்டு தளம், மாதம் 3,150 டாலர். ஜெர்சி சிட்டியில் இரண்டு பெட்ரூமுக்கு 2,700 கொடுத்துக்கொண்டிருந்தோம். மாடிப்படி ஏறி இறங்கி வீட்டுக்குள்ளேயே மகள் ஒளிந்து விளையாடினாள். கணவர் சமையலறையின் நடுமேடையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மயங்கித்தான் போனேன், இல்லையென்று சொல்லவில்லை.

இந்த வீடுகளின் கராஜ் பின்பக்கச் சந்தில் இருக்கும். எல்லாரும் சந்து வழியாக வருவார்கள், ரிமோட்டை அழுத்துவார்கள், கதவு மேலே போகும், வண்டி உள்ளே போகும், கதவு இறங்கிவிடும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய ஒரு தீபாவளி வரவேண்டியிருந்தது. அவர்கள் விஜயவாடாக்காரர்கள். அதுவரை அவர்களுடைய வெள்ளை ஹோண்டாவைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் முன்வாசல் கதவைத் திறப்பதே அமேசான் பொட்டலத்தை எடுக்கத்தான்.

வந்த வாரத்தில் ஒரு மத்தியானம் பால் தீர்ந்துவிட்டது. எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் கடைத்தொகுதியின் பெயர்ப் பலகை தெரியும். ராத்திரியில் அதன் வெளிச்சம் படுக்கையறை வரைக்கும் வரும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தானே என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்த ஊரின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். ப்ரெஸ்டன், காய்ட், எல்டொராடோ, லெபனான் என்று பெரிய சாலைகள் ஏறத்தாழ ஒரு மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டிருக்கும். பெரும்பாலும் ஆறு வழிச் சாலை, வண்டிகள் 45 மைல் வேகத்தில் போகும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வளைந்து வளைந்து முட்டுச் சந்தில் முடிகிற தெருக்கள். கட்டத்தைச் சுற்றிச் செங்கல் மதில். மதிலில் இரண்டோ மூன்றோ இடத்தில்தான் வாய் இருக்கும், அங்கே நீரூற்று வைத்து அழகாகப் பெயர் எழுதியிருப்பார்கள். ஆக, பின்வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள கடைக்குப் போக, நான் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்து, குடியிருப்பின் வாசல் வழியாக வெளியேறி, மதிலை ஒட்டித் திரும்பி வந்து, ஆறு வழிச் சாலையைக் கடக்க வேண்டும். நடைபாதை உண்டு, பழுதே சொல்ல முடியாது, புத்தம் புதிது. அதில் என்னைத் தவிர ஆள்தான் இல்லை. நிழலும் இல்லை. ஜூலை மாதம், 100 பாரன்ஹீட்டுக்கு மேல். பால் வாங்கி வீடு வந்து சேர்ந்தபோது பால் வெதுவெதுவென்று இருந்தது.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. டாலஸ் வட்டாரத்தின் ரயிலையும் பஸ்ஸையும் ஓட்டுவது டார்ட் என்ற அமைப்பு. அதில் உறுப்பினராக இருக்கும் ஊர்கள், விற்கிற ஒவ்வொரு டாலருக்கும் ஒரு சென்ட்டைத் தங்கள் விற்பனை வரியிலிருந்து கொடுக்க வேண்டும். டெக்சஸில் மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரி எல்லாம் சேர்ந்து அதற்கு மேல் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு. பிளானோ அந்த இரண்டில் ஒன்றை டார்ட்டுக்குக் கொடுக்கிறது. அதனால் டார்ட் ரயிலின் சிவப்புத் தடம் பிளானோவின் பார்க்கர் ரோடு வரைக்கும் வருகிறது. ஃபிரிஸ்கோ கொடுக்கவில்லை. அந்த ஒரு சென்ட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்து, கம்பெனிகளை ஊருக்கு இழுக்க ஒரு கழகம், பூங்கா, விளையாட்டு அரங்கம் மாதிரி வசதிகளுக்கு ஒரு கழகம் என்று இரண்டுக்குக் கொடுக்கிறது. டாலஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகம் 2016-இல் இங்கே வந்தது. கோல்ஃப்காரர்களின் பிஜிஏ அமெரிக்காவும் 2022-இல் வந்துவிட்டது. பஸ் மட்டும் வரவில்லை. 1902-இல் ரயில் பாதை போட்டதால் முளைத்த ஊர் இது. இன்றைக்கும் சரக்கு ரயில் ஊர் நடுவே கூவிக்கொண்டு போகிறது, ஏறத்தான் முடியாது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத வேடிக்கை ஒன்று உண்டு. 2018-இல் டிரைவ்.ஏஐ என்ற நிறுவனம் இதே ஊரில் ஓட்டுநர் இல்லாத வேன்களைச் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தது. டிரைவர் இல்லாத வண்டி வந்துபோன ஊரில், டிரைவர் உள்ள ஒரு டவுன் பஸ்ஸைக் காணோம்.

சரி, பள்ளிக்காவது பஸ் உண்டுதானே? அந்த மஞ்சள் பஸ்ஸை நம்பித்தான் நானும் இருந்தேன். பள்ளியிலிருந்து 2 மைலும் அதற்கு மேலும் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் பஸ். எங்கள் வீடு ஒன்றரை மைல். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு என்று ஆசைப்பட்டு எடுத்ததன் பலன் அது. நடக்கலாம், ஒன்றரை மைல், நடுவில் ஒரு பெரிய சாலை, ஆகஸ்டில் மூன்றரை மணி வெயில். பதினோரு வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கூட நடந்து போன நாட்களும் உண்டு. பள்ளியைச் சுற்றி ஒரு மைல் நீளத்துக்கு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். கண்ணாடியில் பிள்ளையின் எண் எழுதிய அட்டை, உள்ளே ஏசி போட்டு அம்மாக்கள் போனைப் பார்த்துக்கொண்டு. அந்த வரிசையைத் தாண்டி நானும் மகளும் நடப்போம். மகள் என்னை விட்டு நாலடி முன்னே போவாள். அது எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த முதல் வருடம் வீட்டின் நேரமெல்லாம் என் கணவரின் காலண்டரில் இருந்தது. பல் டாக்டர், மகளின் பாட்டு வகுப்பு, கொத்தமல்லிக் கட்டு, எல்லாமே அவருக்கு மீட்டிங் இல்லாத நேரத்தில். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் ஒருத்தரிடம் தினமும் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டிய பொருளாக வெளியே போவது ஆகிவிட்டால், கேட்பதே குறைந்துவிடும். இரண்டு மைல் தள்ளி இருக்கும் தோழி வீட்டுக்குப் போகலாமா என்று தோன்றும், சரி வேண்டாம், ஊபருக்குப் போக வர முப்பது டாலர் ஆகும், சாயங்காலம் போனில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். ஜெர்சி சிட்டியிலும் எனக்குச் சம்பளம் கிடையாது, கார் கிடையாது. ஆனால் அங்கே யாரையும் நான் கேட்டுக்கொண்டு கிளம்பியதில்லை.

அதனால் லைசென்ஸ். எச்-4 விசாவில் இருந்தாலும் டெக்சஸில் எடுக்கலாம். ஆனால் விசா அனுமதி எந்தத் தேதி வரைக்குமோ அந்தத் தேதி வரைக்கும்தான் அட்டை செல்லும். விசா நீட்டிப்பு தள்ளிப்போனால் சாவியும் ஆணியில் தொங்கவேண்டியதுதான். பக்கத்துக் குடியிருப்பில் ஒரு தெலுங்கு அக்கா மணிக்கு 50 டாலர் வாங்கிக்கொண்டு கற்றுத்தந்தார். அவரிடம் படித்த இந்தியப் பெண்கள் இந்த வட்டாரத்தில் ஒரு படை அளவுக்கு இருப்பார்கள். குடியிருப்புத் தெருக்கள் அகலம், ஆட்கள் இல்லை, கற்றுக்கொள்ள அருமையான ஊர். கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்துகிற பேரலல் பார்க்கிங்கும் தேர்வில் உண்டு. நிஜமாகவே கைநடுங்குவது 121 டோல் சாலையில் போய்க் கலக்கிற இடத்தில்தான். அக்கா, “போ, போ, போமா, நிக்காதே” என்று காதுக்குள் கத்திக்கொண்டே இருப்பார்.

நானாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போன முதல் இடம் ஃபிரிஸ்கோ நூலகம். ராக்கெட் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியின் பழைய கட்டடத்தை எடுத்து மாற்றி 2023-இல் திறந்தார்கள். உள்ளே ஒரு டைனோசர் எலும்புக்கூடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புத்தகம் ஒன்றும் எடுக்கவில்லை. சும்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். என்னை யாரும் கொண்டுவந்து விடவில்லை, யாரும் கூட்டிப்போக வரவேண்டியதும் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

இப்போது காசுக் கணக்கு. பழைய கொரோலா ஒன்று வாங்கினோம். மாதத் தவணை 340. இன்சூரன்ஸ், புது ஓட்டுநர் என்பதால் எனக்கு 140. பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து இன்னொரு 170, 180. அதாவது இந்த வீட்டின் வாடகை 3,150 இல்லை, 3,800. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற எண்ணில் இது இருக்காது. ஆனால் இதைக் கட்டாமல் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்றால், இதுவும் வாடகைதான் என்பது என் கட்சி. கணவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நியூஜெர்சியில் கட்டிய மாநில வருமான வரி இங்கே கிடையாது, அதைக் கழித்துக்கொள் என்பார். அதுவும் நியாயம்தான். கழித்தாலும் வீட்டில் இன்னும் செலவு இருக்கிறது. புல் வெட்டுகிறவருக்கு ஒரு தடவைக்கு 45. ஆகஸ்டில் கரண்ட் பில் 300 டாலரைத் தாண்டும். ஃபிரிஸ்கோவில் ஒரு பாதியில் மின்சாரக் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கோசெர்வ் என்ற கூட்டுறவு அமைப்பின் பகுதியில் வீடு இருந்தால் தேர்வுக்கே இடமில்லை. தேர்ந்தெடுக்கிற பாதியில் இருந்தால், ‘ராத்திரி இலவசம்’ என்று ஆசைகாட்டுகிற திட்டத்தில் மட்டும் சிக்காதீர்கள். பகல் கட்டணத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். பகலெல்லாம் ஏசியோடு வீட்டுக்குள் அடைந்திருக்கிறவருக்கு அது வம்பு.

வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஹூஸ்டனில் இருக்கிறார், கூப்பிட்டால் எடுப்பார். ஆனால் இந்தக் குடியிருப்புகளில் வீட்டுக்காரருக்கும் மேலே ஒருத்தர் உண்டு. எச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கம். குப்பைத்தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது, புல்லில் களை இருக்கிறது என்று போட்டோவோடு கடிதம் வரும். கடிதம் நமக்கு வராது, வீட்டுக்காரருக்குப் போகும். அவர் ஒரு வரி சேர்த்து நமக்கு அனுப்புவார். நம்மைக் கேள்வி கேட்கலாம், ஆனால் கூட்டத்தில் நமக்கு ஓட்டுக் கிடையாது. கையெழுத்துப் போடும் முன்பு சங்கத்தின் விதிகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். இரவில் தெருவில் வண்டி நிறுத்தக்கூடாது என்று சில இடங்களில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த உறவினர் வாடகைக் கார் எடுத்தால் அப்போது தெரியும்.

இனி அப்பா கதை.

என் சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்குப் பருத்தியும் உளுந்தும்தான் வாழ்க்கை. அம்மா போனபிறகு, ஆறு மாதம் இங்கே வந்து இருக்கட்டும் என்று போன வருடம் கூட்டிவந்தோம். ஊரில் அப்பாவின் நாள் விடிகாலையில் தொடங்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் நடை, தினத்தந்தி, நாலு பேரோடு மழையைப் பற்றிப் பேச்சு, வெயிலேறும் முன் திரும்பி வருவார். இங்கே விடிகாலையில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கராஜ் கதவைப் பார்த்து நின்றார். “கடை எந்தப் பக்கம் தாயி?”

முதல் வாரம் மதிலை ஒட்டிய நடைபாதையில் நடந்து பார்த்தார். ஒரு பிக்கப் லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து நிறுத்தி, வண்டி ரிப்பேரா, எங்கேயாவது இறக்கிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, கையைக் கூப்பியிருக்கிறார். அந்த மனிதரும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் கூப்பிவிட்டுப் போயிருக்கிறார். “நல்ல மனுசன்தான்” என்றார் அப்பா. “ஆனா நடந்து போறவனப் பாத்தா இவுகளுக்கு என்னமோ ஆபத்துன்னு தோணுது.” மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சூறாவளிச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். அதைக் கேட்டு அவர் வெளியே ஓடிவந்து நின்றார். தெருவில் வேறு யாருமே வெளியே வரவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்ததாம்.

நான் ஓட்டுவேன் என்றாலும் மகளின் வகுப்புகளுக்கே என் சாயங்காலம் சரியாகப் போய்விடும். கோயிலுக்கு வாரக் கடைசியில் மாப்பிள்ளையோடு. ஒருநாள் அப்பா போனில் தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எல்லாம் சவுரியமா இருக்குடா. மாப்பிள்ளை வந்தாத்தான் எனக்குக் காலு மொளைக்கும், அவ்வளவுதான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவரை அந்த வீட்டோடு ஒட்டவைத்தது மண். ஜூன் கடைசியில் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று குனிந்து உட்கார்ந்தார். வீட்டின் கான்கிரீட் தளத்துக்கும் தரைக்கும் நடுவே மண் விலகி, விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். விரலை விட்டுப் பார்த்து, ஒரு கட்டியை எடுத்து நொறுக்கி, உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். “ஏ தாயி, இது நம்ம கரிசல்ல!”

அவர் சொன்னது சரிதான். வடக்கே ரெட் ரிவர் தொடங்கித் தெற்கே சான் அன்டோனியோ வரைக்கும் டெக்சஸில் ஒரு கரிசல் பட்டை ஓடுகிறது. மழை பெய்தால் உப்பும், வெயில் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிஸ்கோவைச் சுற்றியிருந்த காலின் கவுண்டி முழுக்கப் பருத்திதான். அந்தப் பருத்திக்காட்டின் மேல்தான் இந்த மதில்கள், நீரூற்றுகள், எங்கள் நாலு பெட்ரூம். மண் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் உப்பினால் வீட்டின் அடித்தளம் விரிசல் விடும், கதவு மூடாது. அதனால் கோடையில் வீட்டைச் சுற்றி மண் காயாமல் பார்த்துக்கொள்வது வாடகைக்காரர் பொறுப்பு என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கிறது. நான் அதைப் படித்தபோது ஏதோ செடிக்கு ஊற்றச் சொல்கிறார்கள் என்று தாண்டிப் போயிருந்தேன்.

அப்பாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். “வீட்டுக்குத் தண்ணி பாய்ச்சணுமா?” என்று கேட்டு, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். ஆனால் மறுநாளே வேலையை ஏற்றுக்கொண்டார். உடம்பெல்லாம் ஓட்டையுள்ள கசிவுக் குழாய் கடையில் கிடைக்கும். அதைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வீட்டைச் சுற்றிப் பதித்தார். விரிசலுக்குள் நேராகத் தண்ணீர் விடக்கூடாது, அது அடியில் ஓடிப்போய் நிற்கும், தள்ளி விட்டால்தான் மண் தானாகக் குடித்து மூடிக்கொள்ளும் என்று கணவருக்கு வகுப்பு எடுத்தார். இணையத்தில் இந்த ஊர் அடித்தள நிபுணர்கள் சொல்வதும் அதேதான். கோடையில் பகல் பத்து மணிக்கு மேல் ஸ்பிரிங்க்ளர் போடக்கூடாது என்று நகராட்சி விதி இருப்பதைச் சொன்னேன். “வெயில்ல எவன் தண்ணி பாய்ச்சுவான்?” என்றார்.

விஜயவாடாக்காரரின் மாமனாரும் அப்போது வந்திருந்தார். குண்டூர்ப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போட்டவர். வேலிக்கு மேலாக ஒருத்தர் குழாயை ஒருத்தர் பார்த்திருக்கிறார்கள். பொதுவான பாஷை இல்லை. இருந்தாலும் தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் பின்பக்கச் சந்தில், குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் டீ போட்டு எடுத்துப்போவேன். கார்கள் மட்டுமே வந்துபோன அந்தச் சந்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒரு மாதம் கழித்து நாற்காலியைப் பற்றிக் கடிதமும் வந்தது. அப்புறம் கராஜுக்குள் உட்கார்ந்து, கதவை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு விதியில் ஒன்றும் இல்லை.

செப்டம்பரில் அப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த வருடம் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டேன். “மாப்பிள்ளைக்கு எப்ப லீவுன்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

ஒப்பந்தப் புதுப்பிப்பு இந்த ஜூனில். வீட்டுக்காரர் 150 டாலர் ஏற்றிக் கேட்கிறார். சொத்து வரியைக் காரணம் காட்டுகிறார். அது வெறும் சாக்கு இல்லை. சொந்த வீட்டில் குடியிருக்கிறவருக்கு ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு. பள்ளி வரி போடும்போது வீட்டு மதிப்பில் கழித்துக்கொள்கிற தொகையை 2023 நவம்பரில் ஓட்டெடுப்பு நடத்தி 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாக்கினார்கள், 2025-இல் 1,40,000 ஆக்கினார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அது கிடையாது. முழு வரியும் அவர் தலையில், அவர் தலையிலிருந்து நம் தலையில். பேசி 100-க்குக் கொண்டுவரலாம் என்பது கணவரின் நம்பிக்கை.

நான் வேறு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று பெட்ரூம் டவுன்ஹோம், அதாவது பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு, இதைவிடச் சின்னது, வாடகை 3,400. ஆனால் மதில் இல்லை. கீழே இறங்கினால் எதிரே மளிகைக் கடை, இரண்டு தெரு தள்ளிப் பள்ளி, நடுவில் மரநிழல். அப்பா வந்தால் நடந்துபோக ஒரு காபிக் கடை கூட இருக்கிறது, மூன்று டாலருக்கு டீ கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம். அங்கே போனால் இரண்டாவது கார் தேவைப்படாது, கொரோலாவை விற்றுவிட்டால் வாடகை வித்தியாசம் போக மிச்சமே இருக்கும் என்று நானே உட்கார்ந்து கணக்கும் போட்டேன். கணவர் கணக்கைப் பார்த்துவிட்டு, சரி, விற்றுவிடலாம் என்றார். இப்போது எனக்குத்தான் கொரோலாவை விற்க மனசில்லை. 3,400-உம் கட்டி வண்டியும் வைத்துக்கொள்ள முடியுமா என்று இந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.